பெட்டி கத்துகிறது, கம்ப்யூட்டருக்குக் கேட்கவில்லை

ஏற்காட்டில் என் மாமாவுக்குச் சிறிய காப்பித் தோட்டம் உண்டு. தோட்டத்து வீட்டின் முன்னறைதான் அலுவலகம். ஆட்களின் கூலிக் கணக்கு, காப்பிப் பழம் பறித்த கணக்கு, மிளகு எடை எல்லாம் அங்கிருக்கும் பழைய கம்ப்யூட்டரில் இருக்கின்றன. அதில் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தவன் நான். பக்கத்திலேயே ஒரு யூபிஎஸ். மழைக்காலத்தில் சில்வர் ஓக் கிளை முறிந்து மின்கம்பியில் விழுவது மலையில் வழக்கம். மின்சாரம் போனால் பத்து நிமிடத்தில் வரலாம், மறுநாள் மாலையும் ஆகலாம்.

போன ஐப்பசியில் ஓர் இரவு அப்படிப் போயிற்று. யூபிஎஸ் விட்டுவிட்டுக் கத்தியிருக்கிறது. உள்ளறையில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பேட்டரி தீர்ந்ததும் கம்ப்யூட்டர் பட்டென்று நின்றுவிட்டது. காலையில் கணக்குக் கோப்பு திறக்கவில்லை. மூன்று நாள் கூலிக் கணக்கை நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து மறுபடி ஏற்ற வேண்டியதாயிற்று. மாமா தொலைபேசியில் கேட்டார்: “ஏன் கண்ணு, இரண்டுக்கும் நடுவில் ஓர் ஒயர் மாட்டிவிட்டுப் போனாயே, அது எதற்கு? பெட்டி அவ்வளவு கத்தியும் கம்ப்யூட்டருக்குக் கேட்கவில்லையா?”

அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை. ஒயரை மாட்டியவுடன் வேலை முடிந்துவிட்டது என்று நானும் எண்ணியிருந்தேன். லினக்ஸைப் புதிதாகப் பயன்படுத்தும் பலர் இதே இடத்தில் நின்றுவிடுகிறார்கள் என்பதால், அந்த ஒயருக்குள் நடப்பதைத் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். யூபிஎஸ், யுஎஸ்பி என்ற இரண்டும் தமிழ் எழுத்தில் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரிகின்றன. மின்சாரம் போனால் சிறிது நேரம் தாங்கும் கருவியைப் ‘பெட்டி’ என்றே இனி சொல்வேன். அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் யுஎஸ்பி ஒயர் ‘கேபிள்’. கட்டளைகளையும் நிரல்களின் பெயர்களையும் ஒலிக்கிறபடி தமிழில் எழுதுகிறேன். கம்ப்யூட்டரில் தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்ட வேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே பிரித்துவிட வேண்டும். வீடுகளில் பெரிய டியூபுலர் பேட்டரியோடு நிற்கும் இன்வெர்ட்டர் வேறு, கம்ப்யூட்டர் மேசைக்குக் கீழே இருக்கும் இந்தப் பெட்டி வேறு. சாதாரண வீட்டு இன்வெர்ட்டர்களில் கம்ப்யூட்டரோடு பேசும் வசதி பெரும்பாலும் இருக்காது. பெட்டியிலும், பின்புறம் பிரிண்டரில் இருப்பதுபோலச் சதுரமான யுஎஸ்பி துளை இருக்கிறதா என்று பாருங்கள். தட்டையான துளை மட்டும் இருந்தால் அது கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றுவதற்காக இருக்கலாம். அப்படியானால் எந்த டிரைவரை (கருவியோடு கம்ப்யூட்டரைப் பேசவைக்கும் நிரல்) தேடியும் பயனில்லை.

கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்கு மின்சாரம் போவதில்லை, செய்திதான் போகிறது. ‘வெளி மின்சாரம் நின்றுவிட்டது, பேட்டரியில் ஓடுகிறேன், பேட்டரி தீரப்போகிறது’ என்ற மூன்று செய்திகள் ஒழுங்காக வந்து சேர்ந்தால் போதும். கம்ப்யூட்டர் கோப்புகளை மூடி, வட்டில் எழுத வேண்டியதை எழுதி முடித்து, தானே அணைந்துகொள்ளும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுந்தால்தான் கோப்பு பாதியில் நிற்கிறது. மாமாவின் கணக்குக்கு நேர்ந்தது அதுதான்.

அந்தச் செய்தி போகும் பாதை ஏற்காட்டுச் சாலையைப் போன்றது. சேலத்தில் அஸ்தம்பட்டியைத் தாண்டி, கோரிமேடு, அடிவாரம் என்று போய், அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சுமார் 1500 மீட்டர் உயரத்தில் ஊர். மேலே வர வேண்டிய வண்டி வரவில்லையென்றால் ஊரில் நின்று புலம்பிப் பயனில்லை. அடிவாரத்தில் புறப்பட்டதா, ஐந்தாவது வளைவைத் தாண்டியதா, பத்தாவதைத் தாண்டியதா என்று ஒவ்வோர் இடமாகக் கேட்க வேண்டும். டிரைவர் சிக்கலைத் தீர்க்கும் முறையும் இதுவே. கண்ட அமைப்பையெல்லாம் மாற்றிப் பார்ப்பதால் குழப்பம்தான் கூடும். செய்தி எந்த வளைவு வரை வந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

டிரைவர் என்ற சொல்லே இங்கு வழி தப்ப வைக்கிறது. லினக்ஸில் பல வன்பொருள்களுக்கு டிரைவர், இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலுக்குள்ளேயே இருக்கும்; மாட்டினால் வேலை செய்யும். அந்தப் பழக்கத்தில் பெட்டிக்கும் கர்னலுக்குள் டிரைவரைத் தேடுகிறோம். ஆனால் இங்கே கர்னல் தபால்காரரின் வேலையோடு நின்றுகொள்கிறது. கேபிள் வழியாக வரும் கடிதத்தை வாங்கி வைக்கும், பிரித்துப் படிக்காது. படித்துப் பொருள் சொல்லும் டிரைவர், கர்னலுக்கு வெளியே ஓடும் சாதாரண நிரல். அதை நாம்தான் நிறுவ வேண்டும்.

லினக்ஸில் இதற்கென நெடுங்காலமாக இருக்கும் தொகுப்பு ‘நெட்வொர்க் யூபிஎஸ் டூல்ஸ்’. சுருக்கமாக ‘நட்’ என்பார்கள். ரஸ்ஸல் க்ரோல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இது. இன்று பலர் சேர்ந்து வளர்க்கிறார்கள். ஏபிசி நிறுவனத்தின் பெட்டிகளுக்கு மட்டும் ‘ஏபிசி-யுபிஎஸ்-டி’ என்ற தனித் தொகுப்பும் உண்டு. அதைப் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனித்தால் போதும்: அதன் அமைப்புக் கோப்பில் கேபிள், வகை என்ற இரண்டு வரிகளுக்கும் யுஎஸ்பி என்று கொடுத்துவிட்டு, சாதனம் என்ற வரியின் மதிப்பை வெறுமையாக விட வேண்டும். பழைய சீரியல் போர்ட்டின் (யுஎஸ்பிக்கு முந்தைய இணைப்புத் துளை) பெயர் அந்த வரியில் தங்கிவிட்டால் தொகுப்பு அங்கேயே போய்த் தேடிக்கொண்டிருக்கும். மற்ற பெட்டிகளுக்குப் பெரும்பாலும் நட்தான். இனி அதைப் பற்றியே சொல்கிறேன்.

முதல் வளைவு: கர்னலுக்குப் பெட்டி தெரிகிறதா? கட்டளைகளைத் தட்டும் சாளரமான டெர்மினலில் ‘எல்எஸ்யுஎஸ்பி’ என்று தட்டினால் யுஎஸ்பியில் மாட்டியிருக்கும் எல்லாம் பட்டியலாக வரும். கேபிளைக் கழற்றிவிட்டு ஒரு முறையும், மாட்டிவிட்டு ஒரு முறையும் தட்டுங்கள். கூடுதலாக வரும் வரிதான் பெட்டி. எந்த வரியும் கூடவில்லையென்றால் மென்பொருள் பக்கம் போகவே வேண்டாம். கேபிளை மாற்றுங்கள், வேறு துளையில் மாட்டுங்கள், பெட்டியின் பொத்தானை அழுத்தி அது உண்மையில் இயங்குகிறதா என்று பாருங்கள். சில பெட்டிகள் அணைந்திருக்கும்போது கேபிளிலும் பேசுவதில்லை.

வரி கூடியிருந்தால் அதில் நடுவே முக்காற்புள்ளியிட்ட இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது தயாரிப்பாளர் எண், இரண்டாவது பொருளின் எண். மாமாவின் பெட்டி 0665:5161 என்று காட்டியது. எதிரே இருந்த பெயரோ, பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த நிறுவனத்தின் பெயர் அல்ல. ‘சைப்ரஸ் செமிகண்டக்டர், யுஎஸ்பி டு சீரியல்’ என்று இருந்தது. இதைக் கண்டு திகைக்க வேண்டாம். பெட்டியைச் செய்தவர்கள் உள்ளே வைத்த தகவல் சில்லின் (சிப்) பெயர் அது. கடையில் வெவ்வேறு பெயர்களில் விற்கும் பல பெட்டிகளுக்குள் இதே எண் இருக்கிறது. ஆகவே உதவி தேடும்போது அட்டையில் அச்சிட்ட பெயரைவிட இந்த எண்ணைச் சொல்லிக் கேட்பதே பயன் தரும். ‘யுஎஸ்பி டு சீரியல்’ என்று போட்டிருக்கிறதே என்று சீரியல் போர்ட்டைத் தேடியும் அலைய வேண்டாம். இந்தச் சில் அப்படி ஒரு போர்ட்டை உருவாக்குவதில்லை.

நான் அதிக நேரம் தொலைத்தது இரண்டாவது வளைவில். அதனால் இதை விரிவாகச் சொல்கிறேன். பெட்டி எந்த மொழியில் பேசுகிறது என்பதுதான் இங்கே கேள்வி.

யுஎஸ்பியில் ‘எச்ஐடி’ என்றொரு வகுப்பு உண்டு. விசைப்பலகை, மவுஸ் போன்றவற்றுக்காக வந்தது. எல்லா இயங்குதளங்களும் அதை முன்பே அறிந்திருப்பதால் பெட்டி செய்பவர்களும் அந்த வகுப்புக்குள் புகுந்துகொண்டார்கள். மின்சாதனங்கள் அந்த வகுப்பில் எப்படிப் பேச வேண்டும் என்ற பொது வரையறையும் 1997ஆம் ஆண்டில் வந்துவிட்டது. அதைப் பின்பற்றும் பெட்டி, இணைந்தவுடன் தன்னைப் பற்றிய குறிப்பு ஒன்றைத் தரும்: ‘என்னிடம் பேட்டரி அளவு இந்த இடத்தில் இருக்கிறது, மின்னழுத்தம் அந்த இடத்தில் இருக்கிறது’ என்று வரிசையாக. நட் தொகுப்பில் இவற்றுக்கான டிரைவர் ‘யுஎஸ்பிஎச்ஐடி-யுபிஎஸ்’.

மாமாவின் பெட்டியை மாட்டியதும் கர்னல் பதிவில் எச்ஐடி சாதனம் என்றே வந்தது. உடனே இந்த டிரைவரைப் போட்டேன். ‘பொருந்தும் எச்ஐடி யூபிஎஸ் எதுவும் கிடைக்கவில்லை’ என்று பதில் வந்தது. கண்ணெதிரே இருப்பதை இல்லை என்கிறதே என்று அன்று மாலை முழுவதும் அமைப்புகளை மாற்றிக்கொண்டிருந்தேன்.

எச்ஐடி என்பது உறைதான். உறைக்குள் இருக்கும் கடிதம் எந்த மொழியிலும் இருக்கலாம். விலை குறைந்த பெட்டிகள் பலவற்றில் எச்ஐடி உறைக்குள் ‘மெகாடெக்’ என்ற பழைய சீரியல் காலத்து மொழி இருக்கிறது. அதற்கான டிரைவர் வேறு: ‘நட்டிஆர்வி-க்யூஎக்ஸ்’. தட்டும்போது நடுவில் அடிக்கோடு வரும். பழைய குறிப்புகளில் ‘பிளேசர்-யுஎஸ்பி’ என்ற பெயரைப் பார்ப்பீர்கள். அந்த வேலையை இப்போது க்யூஎக்ஸ் செய்கிறது. உறையைப் பார்த்து டிரைவரைத் தேர்ந்ததுதான் என் தவறு. எண்ணைப் பார்த்துத் தேர்ந்திருக்க வேண்டும்.

மெகாடெக் மொழி படிக்க எளிது, அழகும் கூட. கம்ப்யூட்டர் ‘க்யூ1’ என்று ஒரு கேள்வி கேட்கும். பெட்டி ஒரே வரியில் பதில் சொல்லும். மாமாவின் பெட்டி ஒரு முறை சொன்னது இது:

(231.4 168.0 231.4 014 50.0 13.6 25.0 00001001

முதல் எண், சுவரிலிருந்து வரும் மின்னழுத்தம், 231.4 வோல்ட். இரண்டாவது, பெட்டி கடைசியாகப் பேட்டரிக்குத் தாவியபோது இருந்த மின்னழுத்தம். மலையில் ஒரு நேரம் 168 வோல்ட் வரை இறங்கியிருக்கிறது என்பதை அந்த எண்ணிலிருந்துதான் நாங்கள் அறிந்தோம். மூன்றாவது, கம்ப்யூட்டருக்குப் போகும் மின்னழுத்தம். 014 என்பது சுமை: பெட்டியின் திறனில் 14 சதவீதம். 50.0 அலைவெண். 13.6 பேட்டரியின் மின்னழுத்தம். 25.0 வெப்பநிலை, உணரி இல்லாத பெட்டிகள் இதில் எப்போதும் ஒரே எண்ணைச் சொல்லும், நம்ப வேண்டாம். கடைசியில் உள்ள எட்டு இலக்கங்கள் ஒவ்வொன்றும் ஆம், இல்லை என்று பதில் சொல்லும் விளக்குகள். இடமிருந்து முதல் இலக்கம் 1 ஆனால் வெளி மின்சாரம் இல்லை. இரண்டாவது 1 ஆனால் பேட்டரி தீரப்போகிறது. நான்காவது 1 ஆனால் பெட்டியிலேயே பழுது. எட்டாவது, கத்தும் ஒலி இயக்கப்பட்டிருக்கிறதா என்பது.

மின்சாரம் போனதும் அதே வரி இப்படி ஆகும்:

(000.0 168.0 228.9 014 50.0 12.4 25.0 10001001

அன்றிரவு பெட்டி கத்திக்கொண்டிருந்தபோது கேபிளிலும் சொல்லக் காத்திருந்தது இந்த வரியைத்தான். கேட்பதற்குத்தான் ஆளில்லை. எட்டு இலக்கங்களில் முதலாவது பூஜ்யத்திலிருந்து ஒன்றாக மாறுகிறது. ஒரு தோட்டத்தின் மூன்று நாள் கணக்கு அந்த ஒற்றை இலக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

சில எண்களுக்கு இன்னும் ஒரு படி உண்டு. மெகாடெக் கடிதத்தை உறைக்குள் மடித்து வைக்கும் விதம் சில்லுக்குச் சில் மாறும். அந்த மடிப்பைச் சொல்ல க்யூஎக்ஸ் டிரைவரில் ‘சப்டிரைவர்’ என்ற அமைப்பு இருக்கிறது. 0665:5161க்கு அது ‘சைப்ரஸ்’. பொதுவாக டிரைவர் தானே கண்டுகொள்ளும். 0001:0000 என்ற எண் வந்தால் கொஞ்சம் பொறுமை வேண்டும். உள்ளே வேறுபட்ட பல பெட்டிகள் இந்த எண்ணையே சொல்கின்றன. ‘க்ராலர்’ முதலாக ஒவ்வொரு சப்டிரைவராகப் போட்டுப் பார்ப்பதே வழி. எதைப் போடுவது என்று தொடக்கத்திலேயே தெரியாதவர்கள் ‘நட்-ஸ்கேனர்’ என்ற கருவியை ஓட்டலாம். அது கண்ட பெட்டிக்குப் பொருத்தமான டிரைவரின் பெயரோடு, அமைப்புக் கோப்பில் ஒட்டத்தக்க வரிகளைத் தரும். அப்போதே அதை ஓட்டியிருந்தால் எனக்கு ஒரு மாலை மிச்சமாகியிருக்கும்.

அமைப்பு எழுதும் கோப்பு, நட் அடைவில் உள்ள ‘யுபிஎஸ் டாட் கான்ஃப்’. பகர அடைப்புக்குள் பெட்டிக்கு நீங்கள் வைக்கும் பெயர், கீழே டிரைவரின் பெயர், அதற்கும் கீழே போர்ட் ‘ஆட்டோ’. ஒரே ஒரு பெட்டிக்கு இவ்வளவே போதும். போர்ட் என்ற இடத்தில் யுஎஸ்பி பட்டியலில் கண்ட சாதன வரிசை எண்ணை எழுதிவிடாதீர்கள். கேபிளைக் கழற்றி மாட்டினாலே 5 என்பது 6 ஆகிவிடும்.

மூன்றாவது வளைவு அனுமதி. லினக்ஸில் ஒவ்வொரு யுஎஸ்பி சாதனமும் ஒரு கோப்பாகத் தெரியும். வழக்கமாக அதைத் தொடும் உரிமை நிர்வாகியான ‘ரூட்’ பயனருக்கே உண்டு. நட் டிரைவரோ பாதுகாப்புக்காகத் தன் பெயரிலேயே ஒரு குறைந்த உரிமைப் பயனராக ஓடுகிறது. சரியான டிரைவர், சரியான மொழி, ஆனால் கதவு பூட்டியிருக்கிறது. கதவைத் திறந்து வைப்பது ‘யுடெவ்’ விதிக் கோப்பு. நட் நிறுவும்போதே அந்தக் கோப்பும் வந்துவிடும். ஆனால் விதி, சாதனம் மாட்டப்படும் கணத்தில்தான் செயல்படும். முதலில் கேபிளை மாட்டிவிட்டுப் பிறகு நட்டை நிறுவியவர்களுக்கு அந்தக் கணம் ஏற்கனவே கடந்துபோயிருக்கும். கேபிளைக் கழற்றி ஒரு நிமிடம் விட்டு மாட்டுங்கள். இந்தச் சிறு செயலிலேயே சிக்கல் தீர்ந்துவிடலாம்.

இது அனுமதிச் சிக்கல்தானா என்று உறுதி செய்ய நேரடியான சோதனை ஒன்று இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் நட் டிரைவர் சேவையை நிறுத்திவிட்டு, டிரைவரைக் கையால் ஓட்டுங்கள். ‘-ஏ’ என்பதற்குப் பின் பெட்டிக்கு நீங்கள் வைத்த பெயர். பெரிய எழுத்தில் மூன்று ‘டி’ சேர்த்தால் டிரைவர் தான் செய்வதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லும். முதலில் அப்படியே ஓட்டுங்கள். பிறகு ‘-யு ரூட்’ சேர்த்து ஓட்டுங்கள். ரூட்டாக ஓடும்போது பெட்டி கிடைத்து, மற்றபடி கிடைக்காமல் போனால் சந்தேகமே இல்லை, அனுமதிதான். அதற்காக எப்போதும் ரூட்டாகவே ஓட்டிவிடலாம் என்று நிறுத்திக்கொள்ளாதீர்கள். யுடெவ் விதியில் உங்கள் பெட்டியின் இரு எண்களும் இருக்கின்றனவா என்று பார்த்து, இல்லையென்றால் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ரூட்டாக ஓட்டியும் கிடைக்கவில்லை என்றால் இரண்டாவது வளைவுக்குத் திரும்ப வேண்டும், மொழி தவறியிருக்கிறது.

‘சாதனம் வேறொருவர் கையில் இருக்கிறது’ என்ற பொருளில் பிழை வந்தால் பெரும்பாலும் டிரைவரின் பழைய பிரதி ஒன்று பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். அதை நிறுத்துங்கள். ஏபிசி தொகுப்பையும் நட்டையும் ஒருசேர நிறுவியிருந்தால் இரண்டில் ஒன்றை எடுத்துவிடுங்கள்.

அடுத்ததை நான் அமைதிச் சிக்கல் என்பேன், ஏனெனில் எந்தப் பிழையும் கண்ணில் படாது. நட் தொகுப்பில் மூன்று வேலையாட்கள். பெட்டி பேசுவதைக் கேட்பவர் டிரைவர். கேட்டதை வாங்கி வைத்து, கேட்பவர்களுக்குச் சொல்பவர் ‘யுபிஎஸ்-டி’. 3493 என்ற நெட்வொர்க் போர்ட்டில் இருப்பார். அவரிடம் விசாரித்துக்கொண்டே இருந்து, நேரம் வந்ததும் கம்ப்யூட்டரை அணைப்பவர் ‘யுபிஎஸ்-மான்’. டெபியன் என்ற லினக்ஸ் வகையிலும் அதன் வழி வந்தவற்றிலும் நிறுவியவுடன் ‘நட் டாட் கான்ஃப்’ கோப்பில் பயன்முறை ‘நன்’ என்று இருக்கும். எதையும் தொடங்காதே என்பது அதன் பொருள். அதை ‘ஸ்டேண்டலோன்’ என்று மாற்றாத வரை மூவரில் ஒருவரும் எழ மாட்டார்கள். கையால் ஓட்டும்போது டிரைவர் நன்றாகப் பேசும். கம்ப்யூட்டரை மறுபடி இயக்கினால் எல்லாம் மௌனமாகிவிடும். யுபிஎஸ்-மானுக்கு ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ‘யுபிஎஸ்டி டாட் யூசர்ஸ்’ கோப்பில் எழுத வேண்டும். அதே இரண்டையும் ‘யுபிஎஸ்மான் டாட் கான்ஃப்’ கோப்பிலும் எழுத வேண்டும். இரண்டு இடத்திலும் எழுத்து பிசகாமல் இருக்கட்டும்.

மூவரும் எழுந்துவிட்டார்களா என்று அறிய ‘யுபிஎஸ்சி’ என்ற கட்டளையோடு பெட்டியின் பெயரைக் கொடுங்கள். எண்கள் வரிசையாக வந்தால் செய்தி மேலே வந்துவிட்டது. அதில் நிலை என்ற வரியில் ‘ஓஎல்’ இருந்தால் வெளி மின்சாரம் இருக்கிறது, ‘ஓபி’ இருந்தால் பேட்டரியில் ஓடுகிறது, கூடவே ‘எல்பி’ வந்தால் பேட்டரி தீரப்போகிறது. எண்களுக்குப் பதிலாக ‘டிரைவர் இணையவில்லை’ என்று வந்தால் யுபிஎஸ்-டி எழுந்திருக்கிறார், டிரைவர் எழவில்லை. இணைப்பே மறுக்கப்பட்டால் யுபிஎஸ்-டியே எழவில்லை. எந்த வளைவில் நிற்கிறோம் என்பதைப் பிழைச் செய்தியே சொல்லிவிடுகிறது.

ஒரு நாள் நன்றாக ஓடி மறுநாள் ‘தகவல் பழையதாகிவிட்டது’ என்று சொல்லும் பெட்டிகளும் உண்டு. டிரைவரிடமிருந்து 15 விநாடிகளுக்குப் புதுச் செய்தி வராவிட்டால் யுபிஎஸ்-டி அப்படி அறிவிக்கும். முதலில் ‘டிமெஸ்ஜி’ கட்டளையில் கர்னல் பதிவைப் பாருங்கள். கேபிளைத் தொடாமலே சாதனம் கழன்று மாட்டிக்கொள்வதாக அங்கே பதிவு இருந்தால் குற்றம் கேபிளிலோ துளையிலோதான். நீளக் கேபிளை விட்டுக் குட்டைக் கேபிளுக்கு வாருங்கள். கம்ப்யூட்டரின் முன்பக்கத் துளையை விட்டுப் பின்பக்கத்துக்கு மாற்றுங்கள். பதிவு சுத்தமாக இருந்தும் தகவல் பழையதானால் பெட்டி மெதுவாகப் பதில் சொல்கிறது என்று பொருள். யுபிஎஸ்-டியின் காத்திருப்பு அளவை 25 விநாடிகளாக உயர்த்திப் பாருங்கள்.

டிரைவர் ஒழுங்கான பிறகும் ஓர் எண்ணில் ஏமாறாதீர்கள். மெகாடெக் பெட்டிகள் பலவும் பேட்டரி எத்தனை சதவீதம் என்று சொல்வதே இல்லை. மேலே கண்ட வரியில் சதவீதமாக இருந்தது சுமை மட்டும்தான். பேட்டரியின் சதவீதத்தை டிரைவர் மின்னழுத்தத்திலிருந்து கணித்துச் சொல்கிறது: 12 வோல்ட் பேட்டரிக்கு 10.4 என்றால் காலி, 13 என்றால் நிறைவு என்பது அதன் கணக்கு. வயதான பேட்டரி சார்ஜில் இருக்கும்போது 13.6 காட்டும், சுமை ஏறியதும் கிடுகிடுவென்று சரியும். ‘தீரப்போகிறது’ என்று சொல்லக்கூட நேரம் இல்லாமல் அணைந்துவிடும். டிரைவர் சரியில்லை என்று பலர் நொந்துகொள்ளும் இந்த நிலையில், உண்மையில் மாற்ற வேண்டியது பேட்டரியை. சேலத்துச் சித்திரை வெயிலில் காற்றோட்டம் இல்லாத மூலையில் வைத்த ஈய அமிலப் பேட்டரியின் ஆயுள் வேகமாகக் குறையும். ஏற்காட்டுக் குளிரில் ஆயுள் நீளும், ஆனால் குளிரான நேரத்தில் தரும் திறன் சற்றுக் குறையும்.

ஆகவே மாமாவின் கம்ப்யூட்டரில் ‘எல்பி’ வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று முடிவு செய்தேன். ‘ஓபி’ வந்து ஐந்து நிமிடம் கழிந்தும் மின்சாரம் திரும்பாவிட்டால் அணைத்துவிடு என்று நட்டோடு வரும் ‘யுபிஎஸ்-ஸ்கெட்’ வழியாகச் சொல்லிவைத்தேன். பேட்டரி முதுமையடைந்தாலும் ஐந்து நிமிடம் தாங்கும் வரை கணக்குக் கோப்புக்கு ஆபத்தில்லை. தோட்டம், கடை, பள்ளி என்று இரவில் ஆளில்லாத எல்லா இடங்களுக்கும் இதையே பரிந்துரைப்பேன்.

இனிச் சோதனை. எல்லாக் கோப்புகளையும் மூடிவிட்டு, ‘யுபிஎஸ்மான் -சி எஃப்எஸ்டி’ என்று நிர்வாகியாகத் தட்டுங்கள். மின்சாரம் போகாமலே, போனதுபோல முழு நடைமுறையும் நடக்கும். கம்ப்யூட்டர் உண்மையாகவே அணையும். அது சரியாக நடந்த பிறகு சுவரில் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். பிளக்கைப் பிடுங்க வேண்டாம். பிடுங்கினால் பூமி இணைப்பும் சேர்ந்து போய்விடும். சுவிட்சை அணைத்தால் அது அப்படியே இருக்கும்.

ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. கம்ப்யூட்டர் அணைந்த பிறகு மின்சாரம் திரும்பினால் அதைத் தட்டி எழுப்புவது யார்? அணையும் கடைசிக் கணத்தில் நட், பெட்டியிடம் ‘சிறிது நேரத்தில் உன் வெளியீட்டையும் நிறுத்து, மின்சாரம் வந்ததும் மறுபடி கொடு’ என்று சொல்லிவிட்டுப் போகும். க்யூஎக்ஸ் டிரைவரில் வழக்கமான அளவுகள், நிறுத்த 30 விநாடி, மறுபடி கொடுக்க 180 விநாடி. கம்ப்யூட்டரின் பயாஸ் (இயங்குதளத்துக்கு முன்பே ஓடும் நிரல்) அமைப்பில் ‘மின்சாரம் திரும்பினால் இயங்கு’ என்பதையும் தேர்ந்து வைக்க வேண்டும். இரண்டில் ஒன்று விட்டுப்போனாலும் காலையில் யாராவது பொத்தானை அழுத்தும்வரை கம்ப்யூட்டர் தூங்கிக்கொண்டிருக்கும்.

கார்த்திகையில் ஒரு ஞாயிறு மாலை மாமாவின் அறையில் இதைச் செய்து பார்த்தோம். மாமாவே சுவிட்சை அணைத்தார். பெட்டி கத்தத் தொடங்கியது. நிலை வரி ‘ஓஎல்’ என்பதிலிருந்து ‘ஓபி’ என்று மாறியது. ஐந்தாவது நிமிடம் திரையில் அறிவிப்பு வந்தது, கோப்புகள் மூடின, கம்ப்யூட்டர் அணைந்தது. சற்று நேரத்தில் பெட்டியும் கத்துவதை நிறுத்தியது. மாமா சுவிட்சைப் போட்டுவிட்டு கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஒன்றும் வரவில்லையே, கண்ணு.”

“மூன்று நிமிடம் பொறுங்கள், மாமா.”

அத்தை காப்பி கொண்டுவந்து வைத்தார். டம்ளர் பாதி காலியாகும்போது பெட்டியில் ‘டக்’ என்று ஓர் ஒலி கேட்டது. கம்ப்யூட்டரின் விசிறி சுழலத் தொடங்கியது.